உப்புப் பனி

வராதே என்றது கடல்.
வானொலி அதையே மூன்று தரம் சொன்னது.
படகைக் கரையேற்றிப் பூவரசோடு இறுக்கிக் கட்டிவிட்டு
குருநகர் ஒழுங்கை வெள்ளத்தில்
செருப்பைக் கையில் பிடித்தபடி வீடு வந்தேன்.

மெற்றில்டா இரவு வேலைக்குப் போய்விட்டாள்.
ஆஸ்பத்திரிக் கலண்டரின் பின்புறத்தில்
அவளது சாய்ந்த எழுத்து:
"நத்தாருக்கு நாலு நாள்தான் கிடக்கு.
பிள்ளையளோடை ஏதும் செய்யுங்கோ.
கடையில வாங்காதேங்கோ."

மேசையில் வெட்டிப் பிரித்த பால்மாப் பை.
உள்பக்கம் சூடை மீன்போல மினுங்கியது.
விளக்குமாற்றில் ஈர்க்கு உருவினேன்.
கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துப்
பசை கிண்டினேன். கட்டி பட்டது.
அன்ரோ அதைக் கஞ்சியென்று நினைத்து
இரண்டு கரண்டி குடித்தான்.
ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிச்சு.
பாரை இழுத்தாலும் அவிழாத முடிச்சு.
"சங்கிலிக்கு முடிச்சு வேண்டாம் அப்பா,
வளைச்சு, அடுத்ததைக் கோத்து, ஒட்டுங்கோ,
அவ்வளவுதான்" என்றாள் பிறிஸ்கா.
எட்டு வயது. கத்தரிக்கோலை என்னிடம் தரவில்லை.
பழைய கொப்பித் தாள்கள்
வாய்ப்பாடும் சிவப்புப் பேனாச் சரியுமாக
வளையம் வளையமாய்ச்
சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடின.
ஏழாம் வாய்ப்பாடு யன்னலுக்கு மேல் வந்தது.

நட்சத்திரத்துக்கு எட்டு ஈர்க்கு எடுத்தோம்.
ஒன்று முறிந்தது.
ஏழு முனையோடு நிற்கட்டும் என்று விட்டோம்.

சப்பாத்துப் பெட்டி பாலன் குடிலானது.
ஆட்டுக்குட்டிகளுக்குச் சிப்பி.
மூன்று ராசாக்களுக்கு மூன்று சோடா மூடி.
ஒன்று நசுங்கிப் போயிருந்தது.
"இவர்தான் கனதூரத்தில இருந்து வந்தவர்"
என்று அன்ரோ அதை முன்னால் வைத்தான்.
அறுந்த வலையின் மிதப்புகளுக்குத்
தாயின் நகப்பூச்சைப் பூசிக்
காற்று முறித்துப்போட்ட சவுக்குக் கிளையில் தொங்கவிட்டோம்.
வாளி மணலில் கிளை நின்றது,
ஒரு பக்கம் சரிந்து,
கள்ளுக் குடித்தவனைப் போல.

"பனி எங்கை?" என்றாள்.

பனி இல்லாமல் மரம் முடியாதாம்.
படத்தில் பார்த்தவள்.
நான் பார்த்த பனி மார்கழி விடியலில்
வலைக்கயிற்றை ஈரமாக்கும் பனி மட்டும்.
பஞ்சு கேட்கவும் வழியில்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துளி பஞ்சையும்
வீட்டுக்குக் கொண்டுவராத மனுசி அவள்.

பிறிஸ்கா குசினிக்குள் போனாள்.
கிளை முழுக்க மிச்சப் பசையைத் தடவி
உப்பை அள்ளித் தூவினாள்.
ஒருபிடி. இன்னும் ஒருபிடி.
கறண்ட் போயிருந்தது.
மெழுகுதிரி வெளிச்சத்தில் சவுக்கு வெளுத்து நின்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
அன்ரோ கையை நக்கிப் பார்த்துவிட்டு
"பனி உவர்க்குது" என்று அறிவித்தான்.

இரவெல்லாம் மழை, சோனக வாடை எல்லாம் கலந்த
ஒரு பேய்க்காற்று.
கதவிடுக்கால் ஈரம் உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

விடிய முதல் எழும்பியவன் அன்ரோதான்.
"அக்கா! பனி உருகீட்டுது!"

ஒவ்வோர் ஊசியிலையின் நுனியிலும் ஒரு துளி.
நிலத்தில் சின்னதாய் ஒரு குளம்.
குளத்தின் கரையில் நசுங்கிய ராசா.
எங்கள் வீட்டில் ஒருவருமே
உருகும் பனியைக் கண்டதில்லை.
பிறிஸ்கா உள்ளங்கையை ஏந்தி
ஒரு துளி விழும்வரை அசையாமல் நின்றாள்.
விழுந்தது.
"உண்மையா உருகுதப்பா" என்றாள் மெதுவாக,
பூசையில் கதைக்கிற குரலில்.

ஏழரைக்கு மெற்றில்டா வந்தாள்.
குடையை மடக்கினாள்.
சங்கிலியைப் பார்த்தாள்,
நட்சத்திரத்தின் முனைகளை எண்ணினாள்,
மிதப்புகளைப் பார்த்துத் தன் நகத்தைப் பார்த்தாள்,
சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.
பிறகு உடுப்பு மாற்றிச்
சொதிக்கு அடுப்பை மூட்டினாள்.

"உப்பு ரின் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

நாங்கள் மூன்று பேரும்
மரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம்.